இறைச்சி உண்ணாத விருந்தாளி

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளங்களுள் ஒன்று. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகின்றவர் தம் விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நம் வீடுகளில் அந்தக் கண்ணியத்தின் அடையாளமாக நிற்பது இறைச்சி. சம்பந்தி வீட்டார் வந்தாலும், ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவரை அழைத்தாலும், பெருநாளில் உறவுகள் கூடினாலும், கறி சமைக்காமல் சோறு போடுவதை நம் வீட்டுப் பெண்கள் குறைவாகவே எண்ணுவர். நெய்ச்சோறும் கறியாணமும் இல்லாத விருந்து விருந்தாகுமா என்று கேட்கும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உள்ளனர்.

இத்தகைய விருந்தில் வந்தமர்ந்த ஒருவர், "எனக்குக் கறி வேண்டாம்" என்று கூறிவிட்டால் என்ன நடக்கின்றது? விருந்து கொடுத்தவரின் முகம் வாடுகின்றது. பக்கத்தில் இருப்பவர் கேலி பேசுகின்றார். உண்ணாதவர் குற்றவாளியைப் போல் தலை குனிகின்றார். அல்லது தம் கொள்கையை விளக்கப் புகுந்து, உண்பவர்களையெல்லாம் குற்றவாளிகளாக்கி விடுகின்றார். ஒரு துண்டுக் கறியின் பொருட்டு உறவு கசந்த வீடுகளும் உண்டு.

இது அரிதான நிகழ்ச்சியும் அன்று. மருத்துவர் தடுத்ததால் உண்ணாதவர், சிறு வயது முதலே மனம் ஒப்பாதவர், உயிர்களின்பால் கொண்ட இரக்கத்தால் விலக்கியவர், சைவக் குடும்பத்தைச் சேர்ந்த அண்டை வீட்டார் எனப் பலரும் நம் விருந்துக்கு வருகின்றனர். பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கும் 'வீகன்' எனப்படுவோரும் இன்று பெருகி வருகின்றனர். இவர்கள் பேண வேண்டிய அதபு என்ன? இவர்களிடம் நாம் பேண வேண்டிய அதபு என்ன? மார்க்கத்தின் ஒளியில் இதனை இங்கே காண்போம்.

இப்ராஹீம் நபியின் வீட்டில்

விருந்தின் அதபுகளைக் கற்பிக்கத் திருக்குர்ஆன் எடுத்துக்காட்டும் முதன்மையான வீடு இப்ராஹீம் (அலை) அவர்களுடையது. ஸூரத்து ஹூதிலும் (11:69, 70), ஸூரத்துத் தாரியாத்திலும் (51:24 முதல் 28 வரை) இந்நிகழ்ச்சி கூறப்படுகின்றது. அறிமுகமில்லாத விருந்தினர் வருகின்றனர். ஸலாமுக்குப் பதில் கூறிய இப்ராஹீம் நபி, ஓசையின்றித் தம் வீட்டாரிடம் செல்கின்றார்கள். கொழுத்த காளைக் கன்றைப் பொரித்துத் தாமதமின்றிக் கொண்டு வருகின்றார்கள். விருந்தினரின் அருகிலேயே வைத்து, உண்ண மாட்டீர்களா என மென்மையாகக் கேட்கின்றார்கள்.

விருந்தினரின் கைகளோ அந்த இறைச்சியின் பக்கம் நீளவில்லை. அதைக் கண்ட இப்ராஹீம் நபியின் உள்ளத்தில் அச்சம் தோன்றியது. வந்தவர்கள் மலக்குகள் என்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது. நிலையை உணர்ந்த மலக்குகள் உடனே, அஞ்ச வேண்டாம் எனக் கூறித் தாங்கள் வந்த காரணத்தையும் தெரிவித்தனர்.

இதில் இரு தரப்பாருக்கும் பாடம் இருக்கின்றது. வைத்த உணவின் பக்கம் விருந்தாளியின் கை நீளாவிட்டால், கொடுத்தவர் உள்ளம் கலங்குவது இயல்பு. அல்லாஹ்வின் உற்ற நண்பராகிய ஒரு நபிக்கே அக்கலக்கம் ஏற்பட்டதெனில், காலை முதல் அடுப்படியில் நின்று சமைத்த ஒரு தாய்க்கு ஏற்படாதா? ஆதலால் உண்ணாதவரின் முதற்கடமை, கொடுத்தவரின் கலக்கத்தைத் தீர்ப்பதாகும். மலக்குகள் உண்ணவில்லை, ஆனால் கொடுத்தவரைக் கலக்கத்திலேயே விட்டுவிடவும் இல்லை. இப்ராஹீம் நபியும் உண்ணும்படி அவர்களை வற்புறுத்தியதாகத் திருமறையில் இல்லை.

வருவது வேறு, உண்பது வேறு

"அங்கே போனால் கறிதான் போடுவார்கள், ஆகவே நான் வரவில்லை" என்று அழைப்பையே தட்டிக் கழிப்பவர்கள் இருக்கின்றனர். இது சரியன்று. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸ் ஒன்று இதற்குத் தெளிவான வழி காட்டுகின்றது. உணவுக்கு அழைக்கப்பட்டவர் அழைப்பை ஏற்க வேண்டும். பின்னர் விரும்பினால் உண்ணலாம், விரும்பினால் விட்டுவிடலாம் என்பது அதன் கருத்து. நோன்பு நோற்றிருப்பவர்கூட அழைப்பை ஏற்றுச் சென்று வீட்டாருக்காக துஆச் செய்ய வேண்டும் என்பதும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வந்துள்ளது.

எனவே விருந்தாளி கொடுக்க வேண்டிய ஹக்கு அவருடைய வருகையும் துஆவுமே. வயிற்றில் எது போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய விருப்பத்திற்கு விடப்பட்டிருக்கின்றது. வலீமா போன்ற விருந்துக்கு இது மேலும் பொருந்தும். தக்க காரணமின்றி வலீமா அழைப்பை மறுப்பதை மார்க்கம் கண்டிக்கின்றது. தட்டில் இறைச்சி இருக்கும் என்பது, உண்பதை விடுவதற்குக் காரணமாகலாம். மணமக்களுக்கு பரக்கத் வேண்டி துஆச் செய்ய வராமல் இருப்பதற்குக் காரணமாகாது.

நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கிய உணவு

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விருப்பமில்லையெனில் விட்டுவிடுவார்கள் என அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உண்ணாமல் விடுவது ஒன்று, குறை கூறுவது மற்றொன்று. முன்னதற்கு அனுமதி உண்டு, பின்னதற்கு இல்லை.

இந்த வேறுபாட்டை இரு நிகழ்ச்சிகள் கண்ணாடி போல் காட்டுகின்றன.

முதலாவது, அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்தது. 'ளப்பு' எனும் பாலைவனப் பிராணியைச் சுட்டு வைத்திருந்தனர். தமிழில் இதனை உடும்பு என்றே எழுதி வருகின்றனர். நாயகம் (ஸல்) அவர்கள் கையை நீட்டியபோது, அது இன்ன இறைச்சி எனத் தெரிவிக்கப்பட்டது. உடனே கையை எடுத்துக் கொண்டார்கள். உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், இது ஹராமா எனக் கேட்டார்கள். இல்லை, என் சமூகத்தார் வாழும் நாட்டில் இது இருந்ததில்லை, ஆகவே என் மனம் இதனை ஏற்கவில்லை என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதனைத் தம் பக்கம் இழுத்து, நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக் கொண்டிருக்கவே உண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டும் இதனைப் பதிவு செய்துள்ளன. அப்பிராணியை உண்பது பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் இங்கே கவனிப்பது அந்தச் சட்டத்தையன்று, அமர்ந்திருந்தோர் பேணிய அதபை.

இரண்டாவது, மதீனாவில் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கியிருந்தபோது நடந்தது. அபூ அய்யூப் (ரலி) அவர்கள் உணவு அனுப்புவார்கள். மீதி திரும்பி வரும்போது நாயகத்தின் விரல் பட்ட இடம் எதுவெனக் கேட்டு அவ்விடத்திலிருந்து உண்பார்கள். ஒரு நாள் பூண்டு சேர்ந்த உணவு கை படாமலே திரும்பி வந்தது. திடுக்கிட்டு ஓடிச் சென்று, அது ஹராமா எனக் கேட்டார்கள். ஹராம் அன்று, ஆயினும் தாம் அதனை விரும்பவில்லை என விடை கிடைத்தது. இதுவும் முஸ்லிமில் உள்ளது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாக இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. கேட்டபோது காரணத்தைச் சுருக்கமாகக் கூறினார்கள். காரணத்தை உணவின் மீது சுமத்தாமல் தம் விருப்பத்தின் மீதே வைத்துக் கொண்டார்கள். தமக்கு வேண்டாதது பிறருக்கும் கூடாது என்று தடுக்கவில்லை. உலகுக்கே வழிகாட்ட வந்தவர்கள் ஓர் உணவை விலக்கியபோதும் அருகிலிருந்த காலித் (ரலி) அவர்களால் கூச்சமின்றி அதனை உண்ண முடிந்தது. விலக்குபவரின் அருகில் உண்பவர் கூச்சமின்றி அமர முடிய வேண்டும். உண்பவரின் அருகில் விலக்குபவரும் அவ்வாறே அமர முடிய வேண்டும். இதுவே இந்தப் பாடத்தின் சாரம்.

எல்லை எங்கே?

இறைச்சியை விலக்க முஸ்லிமுக்கு உரிமை உண்டா என்று சிலர் கேட்கின்றனர். உண்டு, ஓர் எல்லையுடன்.

நபித்தோழர்களுள் சிலர் வணக்கத்தில் மிகைப்பட விரும்பி, ஒருவர் மணம் செய்வதில்லை என்றும், ஒருவர் இறைச்சி உண்பதில்லை என்றும், ஒருவர் படுக்கையில் உறங்குவதில்லை என்றும் முடிவு செய்தனர். இதனை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. தமது சுன்னத்தைப் புறக்கணிப்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள் (முஸ்லிம்). அல்லாஹ் ஆகுமாக்கிய தூயவற்றை ஹராமாக்கிக் கொள்ள வேண்டாம் எனத் திருமறையும் (5:87) தடுக்கின்றது.

ஆகவே, இறைச்சி உண்ணாமை அல்லாஹ்விடம் நெருக்கத்தைத் தரும் வணக்கம் என்றோ, இறைச்சி ஹராம் என்றோ ஒருவர் கொள்வாராயின், அவர் எல்லையைத் தாண்டுகின்றார். ஹலாலை ஹலால் என ஒப்புக்கொண்டு, உடல்நலத்திற்காகவோ மனம் ஒப்பாமையாலோ இரக்கத்தாலோ உண்ணாமல் இருப்பவர் எல்லைக்குள் இருக்கின்றார். பாகற்காய் உண்ணாதவரை யாரும் ஈமான் குறைந்தவர் என்று சொல்வதில்லை. கறி உண்ணாதவரையும் அவ்வாறு சொல்ல இடமில்லை. அனுதினமும் இறைச்சி உண்பது குடிப்பழக்கம் போல் பற்றிக் கொள்ளும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் எச்சரித்த செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உண்டு என்பதையும் நினைவிற்கொள்வது நலம்.

முஸ்லிம் உலகம் இத்தகையோரை முன்பே கண்டிருக்கின்றது. சிரியாவின் மஅர்ரா நகரில் 973 முதல் 1057 வரை வாழ்ந்த கண்பார்வையற்ற அரபுக் கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி, தம் வாழ்வின் பிற்பகுதியில் இறைச்சியோடு பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கியவர். ஃபாத்திமிகளின் தலைமைப் பிரசாரகரான அல்முஅய்யது கடிதம் எழுதி இதற்குக் காரணம் கேட்டார். கவிஞர் உயிர்களின் துன்பத்தைக் கூறியதோடு, தம் வருமானம் மிகக் குறைவு என்பதையும் காரணமாகக் காட்டினார். அவருடைய கொள்கைகள் பற்றிக் கடும் விமர்சனங்கள் உண்டு. அது தனிப் பொருள். நம் தமிழிலேயே போதித்து வந்த குரு பாவா முஹையத்தீன், இலங்கையிலிருந்து 1971 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா சென்று 1986 இல் மறைந்தவர். அவரைச் சூழ்ந்தோர் மரக்கறி உணவையே கைக்கொண்டனர். 'வீகன்' என்ற சொல் மட்டுமே புதிது. 1944 இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலானோர் அமைத்த சங்கம், 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் முதலையும் முடிவையும் சேர்த்து அதனை உருவாக்கியது.

அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்து, இனி இறைச்சி உண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டவர், பின்னர் உண்பதே நலமெனக் கண்டால் சத்தியத்தை முறித்துப் பரிகாரம் செய்யலாம். பத்து ஏழைகளுக்கு உணவளித்தல் அல்லது உடையளித்தல் அல்லது அடிமையை விடுதலை செய்தல், இயலாவிடில் மூன்று நாள் நோன்பு எனத் திருமறை (5:89) அதன் பரிகாரத்தை வகுத்துள்ளது.

விருந்தாளி பேண வேண்டியவை

1. முன்கூட்டியே தெரிவியுங்கள். அழைப்பு வந்த அன்றே, "நான் கறி உண்பதில்லை, எனக்கென்று தனியே ஒன்றும் செய்ய வேண்டாம், இருக்கும் பருப்பும் காயும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். பால், நெய், தேன் முதலியனவும் வேண்டாமெனில் அதனையும் அப்போதே கூறுங்கள். மறைவாக எடுத்துக் கொள்ளுமாறு விட்டுவிட்டு, தட்டு வந்த பிறகு சொல்வது கொடுத்தவரைத் தலைகுனிய வைக்கும். திருமண வீடாயின், சமையற்காரரிடம் நேரே செல்லாமல், வீட்டாருள் பொறுப்பாக நிற்கும் ஒருவரிடம் சொல்லுங்கள்.

2. சொல்ல மறந்து அமர்ந்துவிட்டால், உண்ணக்கூடியதை எடுத்துக்கொண்டு அமைதியாக உண்ணுங்கள். சுரைக்காய் நிகழ்ச்சியை நினைத்துக் கொள்ளுங்கள். தையற்காரர் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உலர்ந்த இறைச்சியும் கலந்த ஆணமும் வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் பாத்திரத்தின் ஓரங்களிலிருந்து சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைக் கண்டதாகவும், அன்று முதல் தமக்கும் சுரைக்காய் பிரியமாயிற்று என்றும் அனஸ் (ரலி) அவர்கள் கூறுகின்றார்கள் (புகாரி). இறைச்சி இருந்த பாத்திரத்தில் காயை விரும்பி உண்டதால் விருந்துக்குக் குறைவு ஏற்படவில்லை.

3. முகம் சுளிக்காதீர்கள். மூக்கைப் பொத்துவது, தட்டைத் தள்ளி வைப்பது, பக்கத்தில் இருப்பவரின் துண்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது ஆகிய யாவும் வாய் திறவாமலே உணவைக் குறை கூறுவதாகும்.

4. கேட்டால் மட்டும் காரணம் சொல்லுங்கள்; ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆடு மாடுகளின் துன்பத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கலாம். உண்பவரின் கை வாய்க்குச் செல்லும் நேரம் அதற்குரிய நேரம் அன்று.

5. வேண்டாததை வாங்கிக் கொண்டு இலையின் அடியில் மறைப்பதும், மீதம் வைத்து எறிவதும் கூடாது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண் விரயம் செய்ய வேண்டாம் என்ற திருமறையின் கட்டளை (7:31) நாம் அறிந்ததே. பரிமாறுபவர் வரும்போதே, "போதும் சாச்சா, இது எனக்கு நிறைவு" என்று கையால் தடுத்துக் கொள்ளுங்கள்.

6. நல்லதைப் பாராட்டுங்கள். வீட்டில் காடியைத் தவிர வேறு தொடுகறி இல்லை எனக் கூறப்பட்டபோது, காடி எவ்வளவு நல்ல தொடுகறி என நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (முஸ்லிம்). "மாமி, கத்தரிக்காய் மிக நன்றாக வந்திருக்கின்றது" என்ற ஒரு சொல், நீங்கள் விட்ட கறியின் வருத்தத்தைத் துடைத்துவிடும். எழும்போது வீட்டாருக்காக துஆச் செய்யாமல் எழாதீர்கள்.

விருந்து கொடுப்பவர் பேண வேண்டியவை

1. உண்மையைச் சொல்லுங்கள். இதுவே அனைத்திலும் தலையானது. நம் தாளிச்சா பார்வைக்குப் பருப்பும் காயும்தான். ஆனால் அதன் சுவை எலும்பிலிருந்து வருகின்றது. நோன்புக் கஞ்சியில் பல ஊர்களில் கொத்துக்கறி சேர்க்கின்றனர். நெய்ச்சோற்றில் நெய்யும், பச்சடியில் தயிரும், வட்டிலாப்பத்தில் முட்டையும் உண்டு. "அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள்" என்று கூறி இவற்றை அறியாதவருக்குக் கொடுப்பது விருந்தன்று, ஏமாற்றுதல். நம்பி வந்தவரின் தட்டு நம்மிடம் உள்ள அமானத். அண்டை வீட்டுச் சைவக் குடும்பத்திற்குக் கஞ்சி அனுப்பும்போது, கறி சேர்க்குமுன் ஒரு பாத்திரம் எடுத்து வைத்து அனுப்புவது அழகிய பழக்கம்.

2. வற்புறுத்தாதீர்கள். "ஒரே ஒரு துண்டு வாப்பா, எனக்காக" என்று அன்பால் சொல்வதும், ஒரு முறைக்கு மேல் சொன்னால் பாரமாகிவிடும். மருத்துவர் தடுத்தவருக்கு அது தீங்காகவும் முடியலாம்.

3. கேலி செய்யாதீர்கள், செய்பவரைத் தடுங்கள். கறி உண்ணாதவன் ஆண்பிள்ளையா, முஸ்லிமா என்ற பேச்சுகள் விளையாட்டாகத் தொடங்கிப் பாவத்தில் முடிபவை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் (49:11) கட்டளை.

4. தனியே ஒதுக்காதீர்கள். நம் ஊர்கள் சிலவற்றில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்கின்றோம். அச்சஹனின் நடுவில் கறி இருக்கும்போது, உண்ணாதவருக்கு ஒரு தட்டைத் தனியே வைத்து, அதே விரிப்பில் அதே வட்டத்தில் அமர்த்துங்கள். வேறு அறைக்கு அனுப்பிவிடாதீர்கள். அவரவர் தம் அருகில் உள்ளதிலிருந்து உண்ண வேண்டும் எனச் சிறுவர் உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த அதபு இங்கே பெரிதும் உதவும். கறியாணத்தின் கரண்டியைக் காய்ப் பாத்திரத்தில் இடாமல் பார்த்துக் கொள்வதும் பரிமாறுபவரின் பொறுப்பே.

5. அவருக்கும் விருந்து என்று தோன்றும்படி செய்யுங்கள். எல்லாருக்கும் நெய்ச்சோறும் கறியும் வைத்துவிட்டு, இவருக்கு மட்டும் வெறுஞ்சோறும் ஊறுகாயும் வைப்பது கண்ணியமன்று. இதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் சோறு, நெய் சேராத பருப்பு, கத்தரிக்காய், புளியாணம், பேரீச்சம்பழம், பழங்கள் ஆகியவை வீகன்கூட மனநிறைவுடன் உண்ணத்தக்கவை.

நம் நிலையை நினைத்துப் பாருங்கள்

இவ்வளவும் எதற்கு என்று எண்ணுவோர், முஸ்லிமல்லாத நண்பரின் வீட்டு விருந்தில் தாம் அமர்ந்திருப்பதைச் சிறிது கற்பனை செய்து கொள்ளட்டும். அங்கே இறைச்சி வருகின்றது. அல்லாஹ்வின் பெயர் கூறி அறுக்கப்பட்டதா என்பது தெரியாது. நாம் என்ன செய்கின்றோம்? "எனக்குக் காய்கறி மட்டும் போதும்" என்கின்றோம். அவர் மனம் வருந்தக் கூடாதே என்று தவிக்கின்றோம். குழம்பில் என்ன சேர்த்திருக்கின்றார்கள் என்று கேட்கத் தயங்குகின்றோம். "ஒரு நாள் உண்டால் ஒன்றும் ஆகாது" என்று யாராவது கூறினால் நெஞ்சம் புண்படுகின்றது. நமக்குத் தெரியாமல் பன்றிக் கொழுப்பைக் கலந்து கொடுத்துவிட்டுப் பின்னர் சிரித்தால், அந்த வீட்டு வாசலை வாழ்நாளில் மீண்டும் மிதிப்போமா?

நாம் விலக்குவது அல்லாஹ்வின் கட்டளைக்காக. அவர் விலக்குவது தம் மனத்திற்காகவோ வழக்கத்திற்காகவோ. இரண்டும் சமம் அன்று. ஆனால் தட்டின் முன் அமர்ந்து தயங்கும் அந்த நேரத்தின் கூச்சம் இருவருக்கும் ஒன்றே. தமக்கு விரும்புவதையே தம் சகோதரருக்கும் விரும்பாதவரை ஒருவரின் ஈமான் நிறைவடைவதில்லை என்பது நாயகத்தின் போதனை. பிறர் வீட்டில் எந்த மரியாதையை எதிர்பார்க்கின்றோமோ, அதே மரியாதையை நம் வீட்டில் கொடுக்க வேண்டாமா?

அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகத் திர்மிதியில் உள்ளது. அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவருக்குப் பங்கு உண்டு என்பது அதன் கருத்து. இறைச்சி உண்ணாத அண்டை வீட்டாருக்கும் அந்தப் பங்கு இல்லாமற் போய்விடாது. பெருநாளன்று அவருக்குக் கறிக்குப் பதில் பழத்தட்டு செல்லட்டும்.

சில ஐயங்கள்

வினா: வெறும் விருப்பக் குறைவால் கறி உண்ணாதவர், வயது முதிர்ந்த பெரியவர் மனம் நோகும்போதும் மறுத்தே தீர வேண்டுமா?

விடை: நஃபிலான நோன்பு நோற்றிருப்பவர் உண்ணாமையால் விருந்தளிப்பவர் மனம் வருந்துவாரெனில், நோன்பை முறித்து உண்பதே சிறந்தது என ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் கூறுவர். அவ்வாறே, உடலுக்குத் தீங்கோ உறுதியான காரணமோ இல்லாமல், ருசிக்காக மட்டுமே விலக்குபவர், பெரியவரின் மனம் மகிழச் சிறிது எடுத்துக் கொள்வது நற்குணம். இது அவரே விரும்பிச் செய்ய வேண்டியது; பிறர் கட்டாயப்படுத்தக் கூடியதன்று.

வினா: இறைச்சி உண்ணாத முஸ்லிம் குர்பானி கொடுக்கலாமா?

விடை: கொடுக்கலாம். குர்பானி ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ளவர் மீது வாஜிபு. ஷாஃபிஈ மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். அதிலிருந்து உண்பது விரும்பத்தக்கதே தவிரக் கட்டாயம் அன்று என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இறைச்சியை ஏழைகளுக்கும் உறவினருக்கும் பகிர்ந்துவிடலாம். அல்லாஹ்வைச் சென்றடைவது மாமிசமோ இரத்தமோ அன்று, உங்கள் தக்வாவே எனத் திருமறை (22:37) தெளிவாக்குகின்றது.

வினா: விருந்தாளி, அறுப்பது கொடுமையல்லவா என்று உணவின்போதே கேட்டால்?

விடை: சினம் கொள்ள வேண்டாம். அறுக்கும்போதும் அழகிய முறையைப் பேண வேண்டும், கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. அந்தப் போதனையை மென்மையாக எடுத்துக் கூறி, "உணவு முடிந்ததும் விரிவாகப் பேசுவோம்" என்று முடித்துக் கொள்ளுங்கள். அவருடைய கேள்வியால் நம் அறுப்புக் கூடங்களில் அந்த அதபு பேணப்படுகின்றதா என்று நாமே சிந்திக்க நேர்ந்தால், அதுவும் நன்மையே.

வினா: பெண் இறைச்சி உண்ணாதவள் என்பதை மணம் பேசும்போது சொல்ல வேண்டுமா?

விடை: சொல்லிவிடுவதே நலம். மணமான மறுநாள் மாமியார் வீட்டு விருந்தில் அது வெளிப்பட்டால், எல்லாரும் அவளையே பார்ப்பர். முன்பே தெரிந்தால் அது சமையலறையின் ஒரு சிறு ஏற்பாடாக முடிந்துவிடும். அவள் பிறருக்குக் கறி சமைத்துக் கொடுப்பாளா என்பதையும் அப்போதே மனம் விட்டுப் பேசிக் கொள்ளலாம்.

வினா: எலும்பு சேர்ந்த தாளிச்சாவைத் தெரியாமல் விருந்தாளிக்குப் பரிமாறிவிட்டோம். என்ன செய்வது?

விடை: தெரிந்த உடனே உண்மையைக் கூறி மன்னிப்புக் கேளுங்கள். மறைத்துவிட்டுப் பிறர் வாயிலாக அவர் அறிந்தால், அடுத்த முறை உங்கள் வீட்டுத் தண்ணீரையும் ஐயத்தோடே பருகுவார். விருந்தாளியும், வேண்டுமென்று செய்யாத பிழையைப் பெரிதாக்காமல் பொறுத்துக் கொள்வது பெருந்தன்மை.

சகோதர சகோதரிகளே! விருந்தின் நோக்கம் உள்ளங்கள் இணைவதே. கறியை வைத்தவரும் அன்பால்தான் வைத்தார். அதனை விட்டவரும் அந்த அன்பை விடவில்லை. இவ்வுண்மையை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டால் போதும். உண்ட பாத்திரமும் உண்ணாத பாத்திரமும் பரக்கத்தால் நிறையும். வல்ல அல்லாஹ், நம் வீட்டுக்கு வருவோர் அனைவரையும் கண்ணியப்படுத்தும் நற்பேற்றையும், பிறர் வீட்டுக்குச் செல்லும்போது எவர் மனமும் நோகாமல் திரும்பும் நற்குணத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.